ஈசிச்சேரைக் காப்பாற்றப் போட்ட சட்டம்

பேருந்துப் பணிமனையில் அவருக்குச் 'சட்டம்' என்று பட்டப்பெயர். அங்கே சுவரே தெரியாது. அவர் ஒட்டிய அறிவிப்புகள்தான் தெரியும். இங்கே சாயாதே, அங்கே துப்பாதே, டயர் மேல் உட்கார்ந்து டீ குடிக்காதே. மேற்பார்வையாளர் என்றால் சும்மாவா? ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே ராஜ்ஜியம், ஜன்னலோரத்து ஈசிச்சேர்.

பேருக்குத்தான் ராஜ்ஜியம். ஒரு காலுக்குக் கயிற்றுக் கட்டு. கித்தான் துணி தொய்ந்து தொய்ந்து, உட்கார்ந்தால் இடுப்பு தரையை நலம் விசாரிக்கும். உட்காரும்போது மகாராஜா, எழுந்திருக்கும்போது கிணற்றில் விழுந்த கன்றுக்குட்டி. மனைவி ஒரு கை, மகள் ஒரு கை பிடித்து இழுத்தால்தான் மேலே வருவார்.

மனைவியின் கண்ணும் அந்த ஜன்னல் மேல்தான். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் துணி தைக்கிறாள். தையல் மெஷினோ சமையலறைக் கதவுக்குப் பின்னால், இருட்டில். துணிக்குப் போட வேண்டிய தையல் பல நாள் விரலுக்குத்தான் விழும்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார். அந்தச் சேரைப் போட்டுடலாம்."

"எந்தச் சேரை?"

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாத சேர் நம்ம வீட்ல எத்தனை இருக்கு?"

அன்று பணிமனையில் அவருக்கு வேலையே ஓடவில்லை. அறிவிப்புச் சுவரைப் பார்த்தபடியே நின்றார். பார்க்கப் பார்க்க யோசனை பிறந்தது. வீட்டில் இதுவரை ஒரு சட்டம்கூடப் போட்டதில்லையே!

சாயங்காலம் நேராகச் சமையலறைக்குப் போனார். குப்பைத்தொட்டியைத் தூக்கி வந்தார். கூடத்தின் நடுவில் 'டொம்' என்று கவிழ்த்தார்.

"இன்னியிலேருந்து இந்த வீட்ல குப்பைங்கிற பேச்சே கிடையாது! கிழிஞ்சா தைக்கணும். உடைஞ்சா ஒட்டணும். சமைச்சா மிச்சம் வைக்காம சாப்பிடணும். ஒரு துரும்புகூட வாசலைத் தாண்டக் கூடாது!"

மனைவி எதிர்த்துப் பேசுவாள் என்று நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ, "நல்ல யோசனைங்க" என்றாள். தாழ்ப்பாள் போடாத கதவை இடித்துத் திறக்கப் போனவர் மாதிரி தடுமாறிப் போனார் மனிதர்.

"இந்தச் சட்டம் சேருக்கும் சேர்த்துத்தானே?"

"சேருக்குத்தான் முதல்ல! அதாவது... எல்லாத்துக்கும்."

"சரி, சாமான்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

வெற்றி! சேரில் சாய்ந்தார். அன்றைக்கு அவரைத் தூக்கிவிட ஆள் வர ரொம்ப நேரமானது.

மறுநாள் சட்டம் தட்டுக்கு வந்தது. மகள் தட்டில் பூசணிக்காய். அவர் தட்டில் பூசணித்தோல்.

"இது என்ன?"

"தோல் வதக்கல். சட்டம் போட்டவங்கதானே முன்னாடி நடந்து காட்டணும்?"

அடுத்த நாள் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப்போட்டு வெங்காயத்தோடு வறுத்தாள். அதற்கடுத்த நாள் கீரைத் தண்டு சூப். வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லாமே ருசியாக இருந்தது. அதைச் சொன்னால் தோல்வி. அதனால் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனாலும் எண்ணெயில் பொரித்ததைத் தேடும் நாக்கு சும்மா இருக்குமா? பணிமனை வாசலில் ஒரு பொட்டலம் வாங்கி ஒளிந்து தின்றார். காகிதத்தைச் சட்டைப்பையில் திணித்தவர் அப்படியே மறந்துபோனார். சட்டையைத் துவைக்க எடுத்தவள் சண்டை போடவில்லை.

"ஏங்க, அந்த ஜன்னல் கீல் கிரீச்சு கிரீச்சுனு கத்திட்டே இருந்துச்சில்ல? உங்க எண்ணெய்க் காகிதத்தால துடைச்சேன், அடங்கிடுச்சு. நாளைக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

அவரும் அடங்கிவிட்டார். ஜன்னலைப் பற்றி இவளுக்கு இப்போது என்ன அக்கறை என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் குடை உடைந்தது. பக்கத்து வீட்டுத் தச்சர் உளி தீட்டக் கல் கேட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரிலேயே மனைவி கேட்டாள்:

"குடைத் துணிய வெட்டிப் பையாத் தச்சா, அது குடையைத் தூக்கிப் போட்ட மாதிரி ஆகுமா?"

தச்சர் முன்னால் சட்டம் பேசுகிற வாய்ப்பு! விடுவாரா?

"ஆகாது! பொருள் உருவம் மாறலாம். வீட்டை விட்டுத்தான் போகக் கூடாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? சட்டம்னா சட்டம்!"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் தச்சரிடம்.

"ரெண்டு காதாலயும் கேட்டேன், தங்கச்சி."

ஞாயிற்றுக்கிழமை. முடிவெட்டும் கடையில் அரை நாள் காத்திருந்து, முடிவெட்டிக்கொண்டு பூரிப்பாக வீடு திரும்பினார். உள்ளே கடகடவென்று சத்தம். ஜன்னலோரத்தில் தையல் மெஷின்! வெளிச்சத்தில் குளித்தபடி மனைவி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என் சேர் எங்கே?"

"வீட்லதாங்க இருக்கு."

"வீட்ல எங்கே?"

"நின்ன இடத்துலேருந்தே தேடினா எப்படி?"

தேடினார். சமையலறையில் டப்பாக்கள் அடுக்கிய புது அலமாரி. அதன் நாலு கம்பங்களில் ஒன்றில் கயிறு கட்டியிருந்த தழும்பு! அந்தக் கயிறு கொல்லையில் கொடியாகியிருந்தது. அவருடைய பனியனே அதில் ஆடிக்கொண்டிருந்தது. கித்தான் துணி மகளின் தோளில் பள்ளிக்கூடப் பையாகத் தொங்கியது.

அலமாரிக்குப் பக்கத்தில் தச்சர் ரம்பத்தோடு நின்றார். "சட்டப்படிதான் அறுத்தேன், சார்."

"ஆணி?" என்று பாய்ந்தார். ஓர் ஆணி குறைந்தாலும் வழக்காடிவிடலாமே!

"காலண்டர் மாட்டியிருக்கு பாருங்க. மரத்தூளைக்கூடப் பூந்தொட்டியில போட்டுட்டேன். ஒரு துரும்பு வாசலைத் தாண்டலை."

சட்டத்தை மேலும் கீழுமாகப் புரட்டிப் பார்த்தார். எழுதியவரே அவர்தான்; ஓட்டை ஒன்றுகூட வைக்காமல் எழுதித் தொலைத்திருந்தார்.

"அப்ப நான் எங்கேதான் உட்கார்றது?"

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் கூடத்தின் மூலையிலிருந்து எதையோ தரதரவென்று இழுத்து வந்தாள். கவிழ்த்த குப்பைத்தொட்டி. அதன் தலையில் வட்டமாக, கச்சிதமாக ஒரு மெத்தை. மெத்தை உறையில் அவருடைய சட்டைப்பை. அதில் மங்கலாக எண்ணெய்க் கறை.

"உட்காருங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்தபடி. "உங்க சட்டத்தால வேலை போனது அது ஒண்ணுக்குத்தான், பாவம்!"