மாப்பிள்ளையின் கர்னலும் என் பார்சல் அறையும்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. என் இடுப்பைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகமும், மகளின் சுகமும், புதிதாக வந்திருக்கும் பேத்தியின் சுகமும் அறிய ஆவல்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் கர்னலில் சாக்கெட் தேடும் வேலை பார்ப்பதாக மகள் சொன்னதைக் கேட்டு, மாப்பிள்ளை ராணுவத்தில் ஒரு கர்னலுக்குக் கீழே பிளக் பாயிண்ட் பார்க்கிறார் என்று உறவுக்காரர்கள் எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு அடியிலே உட்கார்ந்து ஆட்டிவைக்கும் புரோகிராமுக்குத்தான் கர்னல் என்று பெயர், வெளியிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு பொட்டலத்தையும் எந்தச் சாக்கெட்டுக்கு, அதாவது யார் வாசலுக்கு, சேர்ப்பது என்று அது சட்டென்று தேடிப் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் போனில் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. "உங்க அபார்ட்மெண்ட் பார்சல் ரூம் மாதிரிதான் மாமா" என்றீர்கள். அது போதாதா எனக்கு? மறுநாளே, அதுவரை பார்சல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அபார்ட்மெண்ட் பல் டாக்டரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டேன்.

ஆரம்பம் அமர்க்களம். கதவு எண்ணின் கடைசி இலக்கம் எதுவோ அந்தத் தட்டில் பார்சல். யார் வந்து கேட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் கையில் கொடுத்தேன். டாக்டருக்கு வயிறு எரிந்தது. என் கணக்கைக் கண்டுபிடித்து, ஏழில் முடியும் வீட்டுக்காரர்களை எல்லாம் தூண்டிவிட்டு, சீப்பு ஒன்று, சோப்பு டப்பா ஒன்று என்று தனித்தனியாக வரவழைக்க வைத்தார். ஏழாம் தட்டு குனிந்தேவிட்டது. மற்ற தட்டெல்லாம் காலி, அந்த ஒன்றில் மட்டும் நான் தலையை விட்டுத் துழாவ, வெளியே வரிசை மாடிப்படி வரைக்கும் போச்சு.

அப்போது நீங்கள்தான் வழி சொன்னீர்கள். கணக்கு வெளியே தெரிந்தால் வேண்டாதவன் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் குவிப்பான், அதனால் கர்னல் ஒரு ரகசிய எண்ணைச் சேர்த்துக் கலைத்துவிடும் என்று. நானும் கதவு எண்ணை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி, நடு இலக்கம் பார்த்து அடுக்கினேன். டாக்டர் திண்டாடிப்போனார். அதோடு விட்டேனா? இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் ரகசிய எண்ணை மாற்றினேன். முந்தின நாள் பார்சலெல்லாம் முந்தின நாள் எண்ணுக்கே உட்கார்ந்திருந்தது. டாக்டருக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. வேகம் வேண்டுமென்றால் பத்திரம் போகிறது, பத்திரம் வேண்டுமென்றால் நான் பெருக்கிக்கொண்டே நிற்கிறேன். இதோடுதான் நீங்கள் தினமும் மல்லுக்கட்டுகிறீர்களா மாப்பிள்ளை?

இன்னொன்றும் சொன்னீர்கள். பேர் சொல்லிக் காத்திருக்கிறவருக்குத்தான் முதல் உரிமை, யாரும் கேட்காதது மட்டும் பொது வாசலுக்கு என்று. எனக்கு அதில் பொது வாசல்தான் பிடித்தது. விலாசம் சரியில்லாதது எல்லாம் என்கிட்டேயே கொடுங்கள் என்று அறிவித்தேன். இப்போது என் கட்டிலுக்கு அடியில் யாரோ ஒருவரின் நாய்க்குட்டிச் சட்டையும் அரை சைக்கிளும் கிடக்கின்றன.

இதெல்லாம் போகட்டும். உங்கள் அத்தைக்கு நீங்கள் அனுப்பிய காது மிஷினைக் காணோம் மாப்பிள்ளை. எல்லாத் தட்டையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். பேத்தி குரலைக் கேட்க வேண்டும் என்று அவள் எப்படித் தவிக்கிறாள் என்பது உங்களுக்கே தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசி முடித்ததும் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமலே சிரித்துக்கொண்டிருந்தாள். தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் காதில் விழாது என்கிற தைரியத்தில் வீடு முழுக்கச் சத்தமாகப் புலம்பிக்கொண்டு திரிகிறேன். புலம்பலோடு புலம்பலாக அவள் சமையலைப் பற்றியும் நாலு வார்த்தை. எப்படியாவது இன்னொரு மிஷின் அனுப்பி என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

பேத்திக்கு முத்தம், மகளுக்கு ஆசி, உங்கள் கர்னலுக்கு என் சல்யூட்.

இப்படிக்கு,
பொது வாசலில் மாட்டிக்கொண்ட மாமனார்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். சமையலறையிலிருந்து உங்கள் அத்தை சொன்னாள்: "சமையல் பத்தி எழுதினதை மட்டும் அடிச்சிடுங்க." மிஷின் வந்து பத்து நாளாகிறதாம். தன் பேருக்கு வருவது எதுவானாலும் நேரே தன் கையில் கொடுக்கும்படி டெலிவரிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்திருக்கிறாள். பத்து நாளாக என் புலம்பலை ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சிரித்ததும் நிஜச் சிரிப்புதான். பேத்திக்கு விக்கல் வந்துகொண்டே இருந்ததாம், தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கச் சொல்கிறாள்.

அதே போனில்தான் நானும் பேசினேன். எனக்கு விக்கல் எதுவும் கேட்கவில்லை மாப்பிள்ளை. இன்னொரு மிஷின் கட்டாயம் அனுப்புங்கள். என் பேருக்கு வேண்டாம், அவள் பேருக்கே போடுங்கள்.