சார் லேப்டாப்பில் ஜாவா இல்லை

மென்பொருள் உலகத்தில் சொல்லவே கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: 'என் கணினியில் ஓடுகிறதே.' அதை நான் காரைக்காலில் ஒரு கால்பந்து மைதானத்தில், சண்டைக்குத் தயாராக நின்ற இரண்டு ஊர்க்காரர்களுக்கு நடுவில் நின்று சொன்னேன்.

அப்போது நான் கட்டற்ற மென்பொருளுக்குப் பொதி கட்டுகிறவன் (சம்பளம் கிடையாது, வீட்டில் கேட்டால் 'ப்ராஜெக்ட்' என்பேன்). யாரோ எழுதிய நிரலை எவரும் ஒரே சொடுக்கில் நிறுவிக்கொள்ளும்படி கட்டித் தருவதுதான் வேலை. 'இது ஓட இன்னது வேண்டும்' என்று பொதிக்குள் எழுதிவைத்தால், கணினி அதைத் தானே இறக்கிக்கொள்ளும். எழுதாவிட்டால், பொதி சமர்த்தாக உட்கார்ந்துகொண்டு ஒன்றும் செய்யாது.

அந்த வருடப் போட்டியில் எந்த அணி எதனோடு மோதுவது என்று சீட்டுக் குலுக்குவதில் தகராறு. முந்தைய வருடம் ஒரு சீட்டின் மூலை மடங்கியிருந்ததாம். தலத்தெரு அணித்தலைவன் அந்தோணி என் நண்பன். "நம்ம பய கம்ப்யூட்டர்ல குலுக்கிடுவான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். நானும் ஜாவாவில் எழுதிய ஒரு குலுக்கல் நிரலைப் பொதியாகக் கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

திருமலைராயன்பட்டினம் அணியின் செயலாளர் சலீம் பாய் என் லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க தலத்தெரு தம்பி. பொதுவா நடுவர் சார் லேப்டாப்ல போடுங்க."

அது சாருக்குப் பாரிஸிலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்தது (அதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்த பெருமை என்னுடையது). பொதியை நிறுவினேன். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றது. சொடுக்கினேன். ஒன்றும் வரவில்லை. ஓங்கிச் சொடுக்கினேன், ஓங்கினால் பயப்படும் என்பதுபோல.

"என்ன தம்பி, ஒண்ணையும் காணுமே?" என்றார் சலீம் பாய்.

"என் லேப்டாப்ல ஓடுதுங்க பாய்."

"அங்க ஓடும். அதனாலதான இங்க போடச் சொன்னோம்."

அப்போதுதான் உறைத்தது. என் கணினியில் ஜாவா எப்போதும் இருக்கும். அதனால் ஜாவா வேண்டும் என்று பொதியில் எழுதவே தோன்றவில்லை.

"சார் லேப்டாப்ல ஜாவா இல்லைங்க."

"ஜாவாவா? எங்க வாப்பாவோட வாப்பா யாவாரத்துக்குப் போன ஊரு. அது எதுக்கு இப்ப?"

விளக்க நேரமில்லை. வெயிலில் மண்டியிட்டு அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். ஜாவாவில் இரண்டு வகை: முழுசு ஒன்று; திரையில் சன்னலே திறக்காத சின்னது ஒன்று. கைபேசி இணையம் ஊர்ந்துகொண்டிருந்ததால், புத்திசாலித்தனமாகச் சின்னதை எழுதினேன். அது இறங்கி முடிவதற்குள் எல்லோரும் டீ குடித்துவிட்டார்கள். சொடுக்கினேன். சன்னல் திறக்கவில்லை. (சன்னல் திறக்காத ஜாவாவில் சன்னல் எப்படித் திறக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தோன்றவில்லை.)

முழு ஜாவா பாதி இறங்கும்போது சார்ஜ் தீர்ந்து கைபேசி அணைந்தது.

நடுவர் சார் டீக்கடையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, தாளைக் கிழித்து, எல்லோர் கண்முன்னால் குலுக்கினார். முதல் ஆட்டமே பட்டினத்துக்கும் தலத்தெருவுக்கும். எது நடக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டிருந்ததோ, அது.

"குலுக்கினது சார்தான" என்றேன் மெதுவாக.

"நீ ஒழுங்கா ஜாவா போட்டிருந்தா சார் ஏன்டா டம்ளரத் தொடப்போறாரு?" என்றான் அந்தோணி. சலீம் பாயும் தலையாட்டினார். அன்று இரண்டு ஊரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

தலத்தெரு முதல் நாளே தோற்று வெளியேறியது.

இப்போதெல்லாம் ஜாவா இல்லாத கணினியில் ஓட்டிப் பார்க்காமல் எந்தப் பொதியையும் வெளியே விடுவதில்லை. என்ன பிரயோஜனம், என் பெயர் போய்விட்டது. தெருவில் என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் அப்பாவுக்குத்தான் ஆற்றாமை. போன வாரம் கூரியர்காரர் அவரிடமே வந்து, "ஜாவா வீடு இதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?" என்றார் அப்பா. "ஜாவா அப்பான்னே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருக்கேன். போய் எடுத்துக்க."