ரைடாரின் வைனுக்கு நான் விட்ட அப்பமா

ஒருவர் "சும்மா இரு" என்று சொன்னால், அதை மட்டும் செய்ய எனக்கு வராது. நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்ட்டில் விறைத்த விரலால் மீனுக்கு முள் எடுத்திருக்கிறேன். ஒஸ்லோவில் பள்ளிக்கூடப் படிகளில் பனி வழித்திருக்கிறேன். சும்மா இருக்கும் வேலையை வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதர்தான் என்னை நம்பித் தந்தார். அதையும் கெடுத்தேன்.

அவர் பெயர் ரைடார். இரண்டாயிரங்களின் நடுவில் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி மடலென் பிரான்ஸ்காரர். மடலெனின் குடும்பத்துக்குப் பாட்டன் காலத்திலிருந்தே ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒவ்வோர் அறுவடைக்கும் இருவரும் காரில் போய், பிழிந்த ஷார்டொனேத் திராட்சைச் சாற்றைக் கொண்டுவந்து வீட்டிலேயே வைன் போடுவார்கள். அந்த வருட வசந்தத்தில் மடலென் காலமானார். தோட்டத்தை விற்றுவிடுவதென்று அவருடைய தம்பி முடிவெடுத்தார். ரைடார் தனியாகப் போய்க் கடைசிச் சாற்றைக் கொண்டுவந்தார்.

"அவளுடைய ஆண்டு நினைவுக்கு மச்சான் வருவான். அன்றைக்கு மேசையில் இதைத்தான் வைப்பேன்" என்றார்.

நவம்பரில் அவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. வீட்டுச் சாவியை என்னிடம் தந்தார். "இடைக்கிடை போய்ப் பார். பார்த்தால் போதும். ஒன்றும் செய்யாதே."

பெரிய கண்ணாடிக் குடுவை. அதன் வாயில் வளைந்த சிறு குழாய், குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே புளிக்கும்போது எழும் காற்று அந்தத் தண்ணீரை முட்டிக்கொண்டு "புளுக்" என்று வெளியே வரும். நான் போகத் தொடங்கியபோது எப்போதாவது ஒரு "புளுக்" கேட்கும். வெளியே பின்னேரத் தேநீருக்கு முன்பே இருட்டிவிடும். கதவில் மடலெனின் மேற்கோட்டு இன்னும் தொங்கியது. அந்த வீட்டில் சத்தம் போட்ட ஒரே உயிர் அந்தக் குடுவைதான். ஒருநாள் அதுவும் நின்றது.

வைன் செத்துவிட்டதென்று முடிவுகட்டினேன். ஏன் ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நான் குடிப்பதில்லை. (கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போது அம்மாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம்.) நாக்கால் தீர்க்க வேண்டிய விசயத்தைக் காதால் தீர்க்கப் புறப்பட்டேன்.

குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே எங்கள் குளியலறைக்குக் கொண்டுவந்தேன். நோர்வேயில் குளியலறைத் தரைக்கடியில் சூட்டுக்கம்பி ஓடும். குளிர்காலம் முழுக்க, அப்பம் சுடக் கரைத்துவைக்கும் எங்கள் வீட்டு அப்பமா அங்கேதான் பொங்கும்.

"இதென்னப்பா, ஆற்றை சாமான்?" என்றாள் என் மனைவி கலா.

"ரைடாற்றை வைன். செத்துப் போச்சுப் போலக் கிடக்கு."

"அந்த மனிசன் உங்களைப் பாக்கத்தானே சொன்னது?"

"பாத்தனான். பாத்துத்தான் சொல்லுறன்."

சூட்டுக்கு இரண்டு "புளுக்" வந்தது. பிறகு மறுபடியும் மயான அமைதி. அப்போதுதான் பக்கத்தில் பொங்கிக்கொண்டிருந்த அப்பமா என் கண்ணில் பட்டது. ஊரில் அப்பமா பொங்குவதற்குக் கள்ளு விடுவார்கள். கள்ளு விட்டால் மா பொங்குமென்றால், மா விட்டால் கள்ளு பொங்காதா? (இந்த விஞ்ஞானம் உதித்தபோது என்னைத் தடுக்க வீட்டில் யாருமில்லை. கலா வேலைக்குப் போயிருந்தாள்.) ஓர் அகப்பை விட்டேன். தேங்காய்ப்பால் கலந்த மா.

விடியும்போது குளியலறை "புளுக் புளுக்" என்று கும்மாளமிட்டது.

"கலா! உயிர் வந்திட்டுது!" என்று கத்தினேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் கலா. அன்றிலிருந்து பல்லுத் தீட்டக் குசினிக்குப் போனாள். பொன்னிறமாகத் தெளிந்திருந்த வைன் கழுநீராகிவிட்டது. மேலே எண்ணெய்ப் படலம், அடியில் மா. மணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன்.

ரைடார் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். குடுவையை வெகுநேரம் பார்த்தார்.

"சத்தம் நின்றுவிட்டது. அதுதான்…" என்றேன்.

"வேலை முடிந்ததால் நின்றது. அது வைனாகிவிட்டது" என்றார். "இப்போது இதற்குள் இருப்பது என்ன?"

அப்பமா என்றால் என்னவென்று நோர்வேஜிய மொழியில் சொல்ல எனக்கு வரவில்லை. கலா ஓர் அப்பத்தைச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். மனிதர் அதை வாங்கி, எங்கள் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு அழுதார். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

ஆனாலும் அதையே வடித்துப் போத்தலில் அடைத்தார். ஆண்டு நினைவுக்கு எங்களையும் கூப்பிட்டார். பிரான்சிலிருந்து வந்த மச்சான் ஒரு வாய் குடித்தார். எழுந்துபோய்த் தொட்டியில் துப்பினார். யார் செய்தது என்று கேட்டார். ரைடார் ஊன்றுகோலால் என்னைக் காட்டினார். நான் கலா சுட்ட வடைத் தட்டோடு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ரைடார் மட்டும் தன் கிளாசை மெதுவாகக் கடைசிவரை குடித்தார்.

அந்தக் கோடை முழுக்க, லிப்டில் கண்டாலும் அவர் என்னோடு கதைக்கவில்லை. இலையுதிர் காலம் வந்தது. போவதற்குத் தோட்டம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கதவைத் தட்டினார்.

"அந்த வட்டமான சாமான் இருக்கிறதா?"

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் அப்பத்துக்கு வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "என் வைனுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் இவர்தான்" என்று என்னை அறிமுகம் செய்வார். என் மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். நான் சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சத்தமில்லை, அப்பமா கொண்டு வாங்கோ!" என்பாள். இப்போதும் சொல்கிறாள்.

சில வருடங்கள் கழித்து ரைடாரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கட்டில் தலைமாட்டில் ஒரு சிறு தண்ணீர்ப் போத்தல். அதற்குள்ளால் ஒட்சிசன் "புளுக் புளுக்" என்று போய்க்கொண்டிருந்தது. அவர் கண் மூடிக் கிடந்தார். முகத்தில் அசைவே இல்லை. எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. குனிந்து அவர் நெஞ்சருகே காதை வைத்தேன்.

ரைடார் ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னும் சாகவில்லை. ஒன்றும் ஊற்றிவிடாதே."

அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது அதுதான். கதிரையை இழுத்துப் போட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தாதி வந்து போகச் சொல்லும்வரை சும்மா இருந்தேன்.