எல்லாம் சார்ட்டில் இருக்கிறது

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, செய்யப்போகும் வேலைக்குக் கலர் அடிக்கிற இனம் ஒன்று இருக்கிறது. சார்ட்காரர் என்று பெயர் வைப்போம். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார், தேட வேண்டியதில்லை. எந்த வேலையைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரைத் திறந்து, மேலே தேதிகளையும் ஓரத்தில் வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப் பட்டை இழுத்து, பட்டை பச்சையா கிளிப்பச்சையா என்று அரை நாள் யோசித்து, அச்செடுத்து, லேமினேட் செய்து, சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று அழகு பார்ப்பார். வேலையா? அதுதான் சார்ட்டில் இருக்கிறதே!

நம் குஞ்சிதபாதம் இந்த இனத்தில் அசல் ரகம். கோவில்பத்திலிருந்து பைக்கில் வந்து, காரைக்கால் டவுனில் ஒரு சின்னக் கட்டுமான நிறுவனத்தில் மேலாளராக உட்கார்ந்திருப்பவர். வேலை பிந்தினால் ஆள் அனுப்பமாட்டார். மவுஸால் பட்டையின் வாலைப் பிடித்து ஓர் இழு இழுப்பார். பட்டை நீளும், பிந்திய வேலை அந்தக் கணமே குறித்த நேரத்தில் நடக்க ஆரம்பித்துவிடும். வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கே சார்ட் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினார்.

மனைவி சிவப்ரியா நிதானமாகப் படித்துப் பார்த்தார். "மாவு பொங்குற வரைக்கும் போட்டிருக்கீங்களே, உளுந்தை ஊறப் போட்டீங்களா?"

அன்று உப்புமா.

சார்ட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. எது முடிந்தால் எது தொடங்கும், எங்கே இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு பேரைக் கேட்டுப் போட்டால் அது ஆளைக் காப்பாற்றும். ஆனால் கேட்பது என்பது குஞ்சிதபாதத்துக்கு ஆகாது. இடைவெளியும் ஆகாது. படிக்கட்டு மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இறங்குகிற பட்டைகளுக்கு நடுவே சந்து விழுந்தால் அழகு கெட்டுவிடுமாம்!

இவரிடம்தான் வந்து சேர்ந்தார் போலகத்துத் தையல்காரர் அஞ்சுகம். பழைய கடையை ஆனியோடு காலி செய்தாக வேண்டும். ஆவணிக் கல்யாணங்களுக்கு இப்போதே ரவிக்கைத் துணி வந்து குவிகிறது. அதை விட்டால் அந்த வருஷமே போச்சு. பாரதியார் சாலையை ஒட்டிப் புதுக்கடை எழும்பிக்கொண்டிருந்தது, தரையும் ஷட்டரும்தான் பாக்கி.

"ஆடி பொறக்குறதுக்குள்ள தொறந்துடணும் சார். ஆடியில எவரும் புதுக்கடை தொறக்க மாட்டாங்க."

"சார்ட்ல இருக்குங்கம்மா" என்று குஞ்சிதபாதம் சுவரைக் காட்டினார். கோயம்புத்தூர்க் கட்டடம் ஒன்றுக்கு யாரோ போட்டதை இறக்கி, பெயரை மட்டும் மாற்றியிருந்தார். விடுமுறை நாட்கள்கூடச் சிவப்பில் பளிச்சென்று இருந்தன, எல்லாம் கோயம்புத்தூர் விடுமுறை. அஞ்சுகம் கிட்டே போய் ஒரு நீலப் பட்டையின் மேல் விரல் வைத்தார்.

"சார், டைல்ஸ் லாரி வர்ற அன்னிக்கு…"

"கேள்வியெல்லாம் கடைசியிலங்க."

கடைசி வந்தபோது டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு நீலம் கொஞ்சம் அடர்த்தியோ என்று அவரே கேட்டு, அதைப் பற்றி அவரே நெடுநேரம் பேசினார்.

லாரி வருகிற அன்று குஞ்சிதபாதம் லீவு. ஏன் லீவு? மாங்கனித் திருவிழா! பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாகக் கொட்ட, நம் ஆள் குடையைத் தலைகீழாக விரித்து ஏந்தியபடி கூட்டத்தின் நடுவே குதித்துக்கொண்டிருந்தார். லீவுக்குச் சித்திரையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார் மனிதர். அவருக்குத் தெரிந்தது அவருடைய சார்ட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்போது போன் அடித்தது. லாரி ஓட்டுநர் கருப்பையன்.

"சார், திருச்சியிலேருந்து டைல்ஸும் ஷட்டரும் கொண்டாந்திருக்கேன். டவுனுக்குள்ள ஒரு வண்டியும் விட மாட்டேங்குறாங்க. இன்னிக்கு என்ன விசேஷம்?"

"மாங்கனி…" என்று இழுத்தார் குஞ்சிதபாதம்.

"மாங்கனி அன்னிக்கா வண்டிய வரச் சொன்னீங்க? நீங்க உள்ளூர்தானே சார்?"

கருப்பையனுக்கு அடுத்த லோடு காத்திருந்தது. திரும்பிப் போன வண்டி அடுத்த வாரம்தான் வந்தது. அதற்குள் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் திருமலைராயன்பட்டினத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒரு நாள்கூட மிச்சம் வைக்காத படிக்கட்டு மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 'தரை காய்தல்' பட்டையை மவுஸால் ஒரே நாளாகச் சுருக்கிப் பார்த்தார். பட்டை சுருங்கியது. தரை காயவில்லை. ஆடி பிறந்துவிட்டது.

ஆடி முதல் தேதி காலையில் அலுவலக வாசலில் ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக இறங்கி நேராகக் குஞ்சிதபாதத்தின் அறைக்குள் போயின.

"பழைய கடைக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க சார். புதுக்கடை தொறக்குற வரைக்கும் நான் இங்கதான் தைப்பேன். உங்க முதலாளிகிட்ட பேசிட்டேன்."

குஞ்சிதபாதத்துக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காத கண்களோடு அந்த அம்மா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிட்டே போனார். வாய் திறந்தபோது வந்தது இது:

"எந்த ரவிக்கை எப்ப முடியணும்னு ஒரு சார்ட் போட்டுத் தரட்டுங்களா?"

அஞ்சுகம் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பக்கத்து ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினார்.

"போடுங்க சார். மொதல்ல உக்காந்து, நான் சொல்றத முழுசாக் கேளுங்க."

உட்கார்ந்து கேட்டார். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் அதுதான் முதல் தடவை.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? பரீட்சைக்கு முன்னால் நான்கு கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் எழுதி, பூ பார்டர் போட்டு, அந்த அலுப்பில் புத்தகத்தைத் திறக்காமலே தூங்கிப்போனது யார்? போகட்டும், பழைய கதை. உங்களிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்துவிட்டு இன்றைக்கும் யாரோ காத்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு போன் போடுங்கள். அட, போனை எடுக்கச் சொன்னால் ஸ்கேலை எடுக்கிறீர்களே!