சாமி முன்னால் வைத்த மூடி

நெட்வொர்க் தானாகக் கெடுவது அபூர்வம். யாரோ எதையோ தொட்டிருப்பார்கள். தொட்டவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேலைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களிடம் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். எங்கே கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

எண்பதுகளின் கடைசியில் குருண் என்ற சிற்றூரில் ஒரு கையுறைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஐந்து கம்ப்யூட்டர்கள், அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் ஒரே கறுப்பு வயர். அவ்வளவுதான் என் ராஜ்யம். பினாங்கில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். (மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பாடம் எதுவும் எனக்கு நினைவில்லை. இந்தக் கதைக்கு அது முக்கியம்.) என் மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

அலுவலகத்தில் பூஜையை நடத்துபவர் சரோஜா அக்கா. ஏற்றுமதிப் பத்திரங்கள் தயாரிக்கும் கிளார்க். மேனேஜர் ஓங் பூஜைக்கு அரை மணி நேரம் கொடுப்பார். பிறகு வேலை நடக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு பொட்டு வைத்து ஓடவிடலாம் என்று அக்கா சலுகை கொடுத்திருந்தார். ஆனால் சாமி படத்தின் முன் வைத்த சாமானை மறுநாள் காலை வரை யாரும் எடுக்கக் கூடாது. (விவரம் தெரிந்த ஃபிட்டர்கள் ஒரு ஸ்பேனரைக் கால்சட்டைப் பையில் ஒளித்துவைத்திருப்பார்கள்.)

ஃபிட்டர்கள் ஸ்பேனர், குறடு, டிரில் என்று குவித்தார்கள். நான் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்தேன். தலைமை ஃபிட்டர் முனியாண்டி அண்ணன் அதைப் பார்த்தார்.

"என்னா தம்பி, கம்ப்யூட்டர் டெக்னீஷியன்னு சொன்னாங்க. இதுதான் உன் ஆயுதமா? எங்க வூட்டு தைக்கிற மிஷினு டப்பாவிலேயே இதவிட பெருசு கிடக்குது லா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மேசைக்குப் பின்னால்தான் அந்தக் கறுப்பு வயர் முடிகிறது. அதன் கடைசியில் கட்டைவிரல் நுனியளவு ஒரு வெள்ளிநிற மூடி மாட்டியிருக்கும். வயரே முடிந்த இடத்தில் அதற்கு என்ன வேலை? தூசி போகாமல் இருக்கத்தான் என்று முடிவு செய்தேன். திருகிக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தேன். பளபளவென்று இருந்தது. அக்கா அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். முனியாண்டி அண்ணன் வாயை மூடிக்கொண்டார்.

சுண்டல் தின்றுவிட்டு வந்தால் எல்லாத் திரைகளும் உறைந்து கிடந்தன. அக்கா அன்றைக்கு அடிக்க வேண்டிய பத்திரங்கள் மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தன. அங்கிருந்து எதுவும் வரவில்லை. வாசலில் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோரி நின்றது. இரண்டு மணிக்குள் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும் என்றார் ஓங். என் வேலையும் அதிலேயே ஏறிப் போய்விடும் என்பதை அவர் பார்வையே சொன்னது.

பயிற்சி நோட்டைத் திறந்தேன். முதல் விதி: கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்று கேள். கேட்டேன். மேசை மேசையாகப் போய், போலீஸ்காரன் மாதிரி கேட்டேன்.

"யாரு எதத் தொட்டீங்க? உண்மைய சொல்லுங்க."

"நாங்க பொட்டுதான் வச்சோம் தம்பி. பொட்டு வச்சா கெட்டுப் போகுமா?" என்றார் அக்கா.

அந்த அறையில் நான் கேட்காத ஆள் ஒருவன்தான்.

பிறகு கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்க்க முடிவு செய்தேன். ஸ்குரூ டிரைவர் சாமியிடம் இருந்தது. அக்கா குறுக்கே நின்றார். மோட்டார் சைக்கிள் சாவியால் திருகாணிகளைக் கழற்றினேன். இரண்டு கார்டுகளை இடம் மாற்றினேன். பயனில்லை. மணி ஒன்றைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் பினாங்கில் இருந்த என் பயிற்றுநருக்குப் போன் செய்தேன்.

"வயரின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இருக்கிறதா? சின்ன மூடி?" என்று கேட்டார். அது இல்லாவிட்டால் முனைக்குப் போகும் செய்தி திரும்பி ஓடிவந்து, பின்னால் வரும் செய்திகளோடு முட்டிக்கொள்ளும், ஐந்து கம்ப்யூட்டரும் ஊமையாகிவிடும், இதை மதியப் பாடத்தில் சொன்னேனே என்றார்.

ரிசீவரைக் காதில் வைத்தபடியே சாமி படத்தைப் பார்த்தேன். மூடி குங்குமப் பொட்டோடு என்னைப் பார்த்தது.

"இரண்டும் இருக்கிறது, சார்."

"எங்கே?"

"ஒன்று வயரில் இருக்கிறது. இன்னொன்று சரஸ்வதி முன்னால் இருக்கிறது."

அவர் போனை வைத்துவிட்டார்.

அக்காவிடம் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவர் அசையவில்லை.

"சாமிக்கு வச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

ஓங் உதவி கேட்டுக் கைகூப்பினார். "சரோ, மிந்தா தோலோங் லா. லோரி நிக்குது."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். மறுபடி சூடம் கொளுத்தி, "தாயே, புத்தியில்லாத பிள்ள, மன்னிச்சுக்கோ" என்று சத்தமாக வேண்டிக்கொண்டு மூடியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அப்பியிருந்த சந்தனத்தை அவருடைய கொண்டை ஊசியால்தான் சுரண்டினேன். மாட்டிவிட்டு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து மறுபடி போட்டேன். பத்திரம் அச்சாகத் தொடங்கியது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லோரி கிளம்பியது.

"பெரிய ஆயுதந்தான் தம்பி," என்றார் முனியாண்டி அண்ணன். "ஒரே அடியில அஞ்சு மிஷினு."

வேலை உறுதிக் கடிதம் நான்காம் மாதம்தான் வந்தது. பிறகு அக்காவின் தங்கையையே கட்டிக்கொண்டேன். ஆகவே இந்தக் கதைக்கு இன்றுவரை ஓய்வில்லை. இப்போது பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் டிவி இருண்டாலும் மின்விசிறி நின்றாலும், பழக்கதோஷத்தில், "யாரு எதத் தொட்டீங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.

அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வரும்: "மொதல்ல சாமி மேடைல போய்ப் பாருங்க."