லட்சண அண்ணே பழித்த வீடு

லட்சண அண்ணே வாய் திறந்தால் மாட்டுக் கொட்டகைக்கும் கல்யாணக் களை வந்துவிடும். ஈப்போவில் அவரை மிஞ்சிய வீட்டுத் தரகர் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எந்த வீட்டைக் காட்டினாலும் "லட்சணமான வீடுலா!" என்றுதான் தொடங்குவார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

கிந்தா ஆற்றுக்கு அப்பால் எங்கள் தெரு. செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளை, சாப்பாட்டுக் கடை நானா, ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனக் குடும்பங்கள், ஒரு மலாய்ப் போலீஸ்காரர், பால் விற்ற பஞ்சாபி பாய், நாங்கள் என எல்லோரும் ஒரே வரிசையில் குடியிருந்தோம். அத்தனை பேருக்கும் வீடு பிடித்துக் கொடுத்தவர் அண்ணேதான். வரிசைக்கு முன்னால் லோங்காங் என்று ஒரு பெரிய சாக்கடை ஓடியது, அதை வைத்தே அவர் பிழைத்தார். சீனரிடம், "வாசல்ல தண்ணி ஓடுது, செல்வம் சேரும்" என்பார். பாயிடம், "மாடு கழுவ வசதி." என் அப்பாவிடம், "காசியில கங்கை ஓடுற மாதிரி வடக்கப் பாத்து ஓடுது ஐயா!" மழைக்காலத்தில் அந்தச் சாக்கடை எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லா வீட்டுக்குள்ளும் வந்து போகும்.

நான் அப்போது நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் எங்களுக்குள் ஓயாத தகராறு.

"பன்னண்டடி ரூமைப் பதினஞ்சடிங்கிறீங்களே அண்ணே?"

"நீ சுவரு வரைக்கும் அளக்குற தங்கச்சி. நான் சன்னல்ல வர்ற காத்தையும் சேர்த்து அளக்குறேன்."

யுத்தத்தில் ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததும் அவர் தொழில் தலைகீழானது. நல்ல வீடு என்று கண்ணில் பட்டால் அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். வீட்டைப் புகழ இனி ஆள் தேவையில்லை, பழிக்கத்தான் தேவை. அண்ணே ஒரே வாரத்தில் கட்சி மாறினார். கூலி மரவள்ளிக்கிழங்கு.

அதிகாரி வருகிறான் என்று தெரிந்தால் முதலில் கூடத்தில் கருவாடு தொங்கும். அடுத்து, கூரைப் பலகையில் ஒன்றிரண்டு காணாமல் போகும். கடைசி ஆயுதம் பக்கத்து வீட்டுக்காரர். "நேத்துதான் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தாரு" என்று அண்ணே தலையருகே விரலைச் சுழற்றிக் காட்டுவார். அந்த வேடத்துக்கு மலாய்ப் போலீஸ்காரர் தாமாகவே முன்வந்திருந்தார். சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேலியோரம் நின்று விடாமல் சல்யூட் அடிப்பார். சில வீடுகள் இப்படித் தப்பின.

பிறகு எங்கள் முறை வந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். மருத்துவச்சி இருந்தது எங்கள் தெருவில். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வண்டி கிடையாது. இந்த நிலையில் வீடு போனால் எங்கே போவது?

"நல்லா வாய்க்கு வந்தபடி திட்டுங்க தம்பி" என்றார் அம்மா.

"கவலைய விடுங்கக்கா. இதுலயா குடியிருந்தோம்னு நீங்களே கேப்பீங்க."

அதிகாரி ஒரு மொழிபெயர்ப்பாளனோடு வந்தான். அண்ணே மலாயில் வெளுத்து வாங்கினார். கூரை ஒழுகும், தூணில் கரையான், கிணற்றில் பாம்பு. கருவாட்டு நாற்றத்தில் அதிகாரி மூக்கைப் பிடித்தான். வேலியோரம் சல்யூட் நடந்துகொண்டிருந்தது. அவன் திரும்பி வாசல்வரை போயும் விட்டான். போகிற போக்கில் ஏதோ சொன்னான். மொழிபெயர்ப்பாளன் சிரித்துக்கொண்டே அதை மலாயில் சொன்னான்:

"குரங்குகூட இதுல குடியிருக்காதாம். இதைக் கட்டினவன் முட்டாளாம். பிடிச்சுக் குடுத்தவன் அவனைவிடப் பெரிய முட்டாளாம்."

அண்ணேயின் முகம் சிவந்தது. அப்பா இருமினார். நான் அண்ணேயின் காலை மிதித்தேன். பயனில்லை.

"என்னா, குரங்கா? தூணைத் தட்டிப் பாரு! செங்கால் மரம்! கரையான் பல்லு உடைஞ்சுரும்!" என்று கத்தினார். கருவாட்டைப் பிடுங்கி லோங்காங்கில் எறிந்தார். அதிகாரியைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். "பாம்பா? எந்தப் பய சொன்னது?" காற்று வரும் திசையைக் காட்டினார். வேலியோரம் நின்றவரையும், "அவரு நல்ல மனுசன், போலீஸ்காரரு" என்று அறிமுகப்படுத்திவிட்டார். சட்டி மெதுவாகக் கீழே இறங்கியது. கடைசியில் கையை விரித்து முழங்கினார்: "லட்சணமான வீடுலா!"

வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "என்னா தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நான் திட்டுனா அது வேசம் அக்கா. அவன் திட்டவும் தாங்கல."

மறுநாள் காலையில் சாவியோடு வந்தார். பாயின் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் ஒரு தகர வீடு. மருத்துவச்சி கூப்பிடும் தூரம்தான். வழக்கமான முழக்கம் இல்லை. "சின்ன வீடு அக்கா. அடுப்படி ஒழுகும். கதவை உதைச்சாத்தான் திறக்கும். மூட்டைப்பூச்சி இருக்கு. ரூமு ஒம்பதடி."

ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். ஒழுகியது. உதைத்தால்தான் திறந்தது. மூட்டைப்பூச்சிகள் அன்றே அறிமுகமாயின. அறையை அளந்தேன், ஒன்பதடிதான். அவர் வாயிலிருந்து சரியான அளவு வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டில்தான் என் தம்பி பிறந்தான். மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, லட்சணம் இப்ப எங்க படுக்குறாரு?" என்று கேட்டார்.

"ஏன், அவரு வீடு இல்லையா?"

"இதுதானம்மா அவரு வீடு!"

தேடிப் போனேன். நானா கடை முன்னால், ஐந்தடி நடைபாதையில், படுத்த கோரைப்பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாலா பக்கமும் காத்து தங்கச்சி! சுவரே கிடையாது. வேணும்னா அளந்து பாரு. லட்சணமான இடம்லா!"

அன்று நான் அளக்கவில்லை. அவர் சொன்ன அளவையே ஒப்புக்கொண்டேன்.