ஏழால் வகுபட்ட பகா எண் ஐயா

மூன்று மாதமாக ஊரில் ஒரே பேச்சு: பகா எண் ஐயா! ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாததுதான் பகா எண். உலகம் இதுவரை கண்ட மிகப்பெரிய பகா எண்ணுக்கு நாலு கோடிக்கு மேல் இலக்கங்களாம். அதைத் தேடிக் கணிப்பொறிகள் வருடக்கணக்கில் மூச்சு வாங்கின. ஐயாவுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கண்ணை மூடுவார், எண் வந்துவிடும். அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுவார். அப்புறம் குடும்பம் பிரியாது, சொத்து பிரியாது. கையிலிருக்கும் பணம் மட்டும் பிரிந்துவிடும்.

அன்றும் மண்டபம் நிரம்பி, ஜன்னலில் ஆட்கள் தொங்கினார்கள். லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் தங்கையோடு முன்வரிசையில் இருந்தார். தங்கைக்குப் பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை, தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கத்தி வைக்கலாங்களா ஐயா?” என்றார் அண்ணன்.

“பகா எண் கட்டுன உடம்பைப் பிளக்கலாமா? மகாபாவம்! ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீங்க. கல்லு தானா கரையும்.”

ஐயா கண்ணை மூடி 487 என்று எழுதினார். பக்கத்திலேயே ஒட்டி மறுபடியும் 487; 487487 என்ற அட்டை தங்கை கழுத்தில் ஏறியது. எல்லாருக்கும் இதே முறைதான். எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் பலிக்குமாம்!

தங்கை வலது விலாவைப் பிடித்தபடி அட்டையைப் பார்த்தாள். மாத்திரைக் கம்பெனியில் அட்டைக்கு ஏழு மாத்திரை வீதம் அடைக்கிற வேலை அவளுக்கு. ஏழாம் வாய்ப்பாடு ரத்தத்தில் ஊறியவள்.

“ஐயா, இது ஏழால வகுபடுதே!”

“பதினாலு வருஷத் தவம்மா. வகுபடாது.”

“நானூத்தி எண்பத்தேழை ஆயிரம் தடவை போட்டு, கூட இன்னொரு தடவை போட்டா இந்த எண் வரும். ஆக ஆயிரத்தொரு தடவை. ஆயிரத்தொரு மாத்திரை வந்தா நூத்தி நாப்பத்திமூணு அட்டை போடுவோம், ஒண்ணுகூட மிஞ்சாது. மூணு இலக்கத்தை ரெண்டு தடவை எழுதினா எதுவானாலும் ஏழால வகுபடும்!”

அண்ணன் பதறினார். “வாயை மூடு! உனக்கு உயிர் பெரிசா, கணக்கு பெரிசா?”

“உயிர்தாண்ணே. அதனாலதான் கணக்குப் பாக்கறேன்.” கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “எல்லாரும் போனை எடுங்க. உங்க எண்ணை ஏழால வகுங்க.”

துணிக்கடைக்காரர் வகுத்தார். மீதியில்லை. கணக்கு டீச்சர் வகுத்தார் (ஆமாம், அவரும்தான் அட்டை மாட்டியிருந்தார்). மீதியில்லை. மண்டபத்தில் ஒரு எண்கூடத் தப்பவில்லை.

“போன்ல வகுத்தா பலிக்காது!” என்றார் ஐயா.

“சரி, பேனாவைக் குடுங்க, கையால வகுக்கறேன்.”

பேனாவையும் செருப்பையும் விட்டுவிட்டு ஐயா பின்வாசல் வழியாக ஓடினார்.

அண்ணன் தங்கை கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். “உன்னைக் கொன்னிருப்பேனேம்மா,” என்று அழுதார். வெள்ளிக்கிழமை கல் வெளியே வந்தது. தங்கை பிழைத்தாள்.

ஐயாவும் பிழைத்துக்கொண்டார். வேறு ஊரில் இப்போது நாலு இலக்கத்தை இரண்டு தடவை எழுதித் தருகிறாராம். அங்கேயும் ஜன்னலில் ஆட்கள் தொங்குகிறார்களாம். அந்த ஊர்ப் புண்ணியவான்களே, இப்போது அது பத்தாயிரத்தொரு தடவை; எழுபத்து மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. போன் கையில் இருக்கிறது. மூளையை யாரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்கிறீர்கள்?